மாட்டின் ஏப்பமும் நாட்டின் கணக்கும்

சேலம் பக்கத்துக் கிராமங்களில் காலையில் பால் ஊற்றும் இடத்தில் நின்றால் இரண்டு பேச்சு காதில் விழும். "மாடு விடுற காத்தாலதான் உலகமே சூடாகுதாம்" என்பார் ஒருவர். "நம்ம தாத்தா காலத்துல இல்லாத மாடா? அப்போ சூடாகலையே" என்பார் இன்னொருவர். கைபேசியில் சுற்றும் படங்களும் காணொளிகளும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முதல் பேச்சு மொத்தப் பழியையும் மாட்டின் மேல் போடுகிறது. இரண்டாவது பேச்சில் நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது, ஆனால் பதிலைத் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். தாத்தா காலத்தில் எத்தனை மாடு இருந்தது, இன்றைக்கு எத்தனை, அவை என்ன வகை, என்ன தின்றன, எவ்வளவு கறந்தன? இந்தியாவில் இதற்கெல்லாம் பல பத்தாண்டுகளாக எண்கள் இருக்கின்றன. அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஒரு நாட்டின் கால்நடை மீத்தேன் ஏறுகிறதா, இறங்குகிறதா, ஏன் என்பதை யாரும் புரிந்துகொள்ளலாம்.

மாட்டுக்குள் நடப்பது என்ன

மீத்தேன் என்பது நிறமும் மணமும் இல்லாத, எரியக்கூடிய ஒரு வாயு. மாட்டின் மீத்தேன் பின்பக்கமாக வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வழியில் வருவது மிகச் சொற்பம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாய் வழியாக, ஏப்பத்திலும் மூச்சிலும் கலந்து போய்விடுகிறது.

உங்கள் ஊரில் சாண எரிவாயுக் கலன் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டிக்குள் விடுகிறோம். உள்ளே ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டுமே வாழும் நுண்ணுயிரிகள் அந்தக் கரைசலைச் சிதைக்க, கடைசியில் மீத்தேன் வெளிவருகிறது. அடுப்பில் நீலமாக எரிவது அதுதான். சேலத்தில் சில சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு எடுக்கும் வாயுவும் இதே வகை.

மாட்டின் முதல் இரைப்பையும் அப்படி ஒரு மூடிய தொட்டிதான். கால்நடை மருத்துவர்கள் அதை ரூமென் என்பார்கள். வளர்ந்த மாட்டில் அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். சோளத்தட்டையும் வைக்கோலையும் நம்மால் செரிக்க முடியாது. மாட்டாலும் தனியாக முடியாது. ரூமெனுக்குள் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிரிகள்தான் அந்த நாரை உடைத்துச் சில அமிலங்களாக்கித் தருகின்றன. மாட்டின் உடம்புக்கும் பாலுக்கும் வேண்டிய சத்தில் பெரும்பங்கு அந்த அமிலங்களில் இருந்து வருகிறது. கல்லும் முள்ளுமான மானாவாரி மேய்ச்சல் நிலத்தில் இருந்து பால் கிடைப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

நாரை உடைக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சும். அது உள்ளேயே தேங்கினால் செரிமானம் நின்றுபோகும். அங்கே ஆர்க்கியா என்ற இன்னொரு வகை நுண்ணுயிரி இருக்கிறது. மிஞ்சிய ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து அது மீத்தேன் ஆக்கிவிடுகிறது. எரிவாயுக் கலனில் அந்த வாயுவைக் குழாய் வைத்து அடுப்புக்குக் கொண்டுபோகிறோம். மாட்டுக்குக் குழாய் இல்லை, ஏப்பம் விட்டு வெளியேற்றுகிறது. ஆக, இது மாட்டின் நோயோ குறையோ இல்லை. அசைபோடும் எல்லா விலங்குகளுக்கும், அதாவது மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, மான் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். பக்கத்து நாமக்கல் கோழிகள் இந்தப் பட்டியலில் வராது, கோழி அசைபோடுவதில்லை.

விவசாயிக்கு இதில் நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயம் உண்டு. தீவனத்தில் உள்ள ஆற்றலில் சுமார் 6 சதவீதம் மீத்தேனாகவே வெளியே போய்விடுகிறது. நல்ல தீவனமானால் இது குறையும், வெறும் தட்டும் வைக்கோலும் ஆனால் கூடும். காசு கொடுத்து வாங்கிப் போட்ட தீவனத்தின் ஒரு பகுதி பாலாகாமல் காற்றோடு போகிறது என்று அர்த்தம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நார்த் தீவனத்தை நுண்ணுயிரிகள் உடைக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது, அது மீத்தேனாகி வாய் வழியே வெளியேறுகிறது.

ஒரு மாட்டில் இருந்து ஒரு நாட்டுக்கு

சரி, கோடிக்கணக்கான மாடுகள் விடும் ஏப்பத்தை யார் அளக்கிறார்கள்? யாரும் அளப்பதில்லை. இந்த ஒரு செய்தி தெரியாததால்தான் பாதிக் குழப்பம். ஆய்வுக்கூடங்களில் சில மாடுகளை மூடிய அறையில் நிறுத்தியோ, வேறு கருவிகள் வைத்தோ அளக்கிறார்கள். அதில் இருந்தும் தீவனக் கணக்கில் இருந்தும், ஒரு வகை மாடு ஒரு வருடத்தில் சராசரியாக இத்தனை கிலோ மீத்தேன் விடும் என்று ஓர் எண்ணை எடுக்கிறார்கள். இதற்கு உமிழ்வுக் காரணி என்று பெயர். அந்த எண்ணை அந்த வகை மாடுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லா வகைகளையும் கூட்டினால் நாட்டின் கணக்கு கிடைத்துவிடும்.

இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த பழைய அறிக்கைகளில் பயன்பட்ட காரணிகளைப் பாருங்கள். கறவையில் இருக்கும் நாட்டுமாட்டுக்கு வருடத்துக்கு 28 கிலோ, கலப்பினப் பசுவுக்கு 43 கிலோ, கறவை எருமைக்கு 50 கிலோ, ஆட்டுக்கு 4 கிலோ. அப்படியானால் தொழுவத்தில் நிற்கும் ஒரு ஜெர்சிக் கலப்பினப் பசு, மீத்தேன் கணக்கில் ஏறக்குறைய பதினொரு மேச்சேரி ஆட்டுக்குச் சமம்.

இந்தக் கணக்கில் மனிதர் வளர்க்கும் விலங்குகள் மட்டும்தான் சேரும். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கும் காட்டெருமையும் அசைபோடுகிறது, மீத்தேன் விடுகிறது. ஆனால் அது யாருடைய தொழுவத்திலும் இல்லை, நாட்டின் கணக்கிலும் இல்லை.

தாத்தா காலத்தை விடக் கூடியிருக்கிறதா?

பெருக்கலின் ஒரு பக்கம் எண்ணிக்கை. அதற்குக் கால்நடைக் கணக்கெடுப்பு இருக்கிறது. 1919-ல் தொடங்கி, சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது.

1951-ல் இந்தியாவில் 15.5 கோடி மாடுகள் இருந்தன. 2019-ல் 19.25 கோடி. எழுபது ஆண்டில் மனிதத் தொகை ஏறியதோடு ஒப்பிட்டால் இது பெரிய ஏற்றம் இல்லை. அது மட்டுமில்லை, 1992-ல் மாடுகள் 20.46 கோடிக்குப் போய், அதன்பின் இறங்கி ஏறி, இன்று அந்த உச்சத்துக்குக் கீழேதான் நிற்கின்றன.

எருமைகளின் கதையே வேறு. 1951-ல் 4.3 கோடி, 2019-ல் 10.99 கோடி. இரண்டரை மடங்கு. வெள்ளாடு 4.7 கோடியில் இருந்து 14.89 கோடி, மூன்று மடங்குக்கு மேல். மடங்கைப் பார்த்து வெள்ளாட்டின் மேல் பழி போட்டுவிடக் கூடாது. கூடுதலாக வந்த 10 கோடி வெள்ளாட்டை 4 கிலோவால் பெருக்கினால் வருடத்துக்கு 4 லட்சம் டன். கூடுதலாக வந்த சுமார் 6.7 கோடி எருமைகளில் பாதி மட்டும் கறவை என்று வைத்துக்கொண்டு அந்தப் பாதியை மட்டும் பெருக்கினால்கூட 16 லட்சம் டன் தாண்டுகிறது. மாட்டையே சுற்றிச் சுற்றிப் பேசுகிறோம். எழுபது ஆண்டு ஏற்றத்தில் பெரிய பங்கு எருமைக்கு உண்டு என்பது பேச்சில் வருவதே இல்லை.

நாட்டின் போக்கு எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டில் எருமை குறைந்துகொண்டே வருகிறது. 2012-ல் 7.8 லட்சம் இருந்தது, 2019-ல் 5.2 லட்சம். அதே காலத்தில் மாடு 88 லட்சத்தில் இருந்து 95 லட்சமாகவும், வெள்ளாடு 81 லட்சத்தில் இருந்து 99 லட்சமாகவும் கூடின. சேலம் கிராமங்களில் எருமை கட்டியிருக்கும் வீட்டைத் தேட வேண்டியிருப்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

காளைகள் போன கதை

மாட்டின் மொத்த எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்றேன். அந்த மொத்தத்துக்கு உள்ளே நடந்தது பெரிய மாற்றம். என்னைக் கேட்டால் இந்தத் தலைப்பிலேயே மிக முக்கியமான பகுதி இதுதான்.

2012-ல் இந்தியாவில் ஆண் மாடுகள் சுமார் 6.8 கோடி. 2019-ல் சுமார் 4.7 கோடி. ஏழே ஆண்டில் இரண்டு கோடி குறைந்துவிட்டது. அதே ஏழு ஆண்டில் பசுக்கள் 12.3 கோடியில் இருந்து 14.5 கோடியாகக் கூடின. மொத்தத்தை மட்டும் பார்த்தால் 19.09 கோடி 19.25 கோடி ஆனது என்று தெரியும், ஒன்றுமே நடக்காதது போல.

காரணம் நமக்குக் கண்ணெதிரே நடந்ததுதான். ஒரு காலத்தில் எருது இல்லாமல் விவசாயம் இல்லை. உழவு எருதால், கிணற்றில் கவலை இறைத்தது எருதால், பருத்தியும் நெல்லும் சந்தைக்குப் போனது எருது வண்டியில். பிறகு கிணற்றுக்கு மின்மோட்டார் வந்தது, உழவுக்கு டிராக்டர் வந்தது, பாரத்துக்குச் சின்ன லாரி வந்தது. வருடம் முழுக்கத் தீனி போட்டு வளர்க்க எருதுக்கு வேலை மிஞ்சவில்லை. காளைக்கன்று பிறந்தால் வீட்டில் வைத்துக்கொள்வதும் குறைந்துவிட்டது. இப்போது பெண் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த சினை ஊசியும் வந்துவிட்டது.

மீத்தேன் கணக்கில் இது இறக்கம். ஓர் எருது போனால் அதன் வருடாந்திர மீத்தேனும் போகிறது, பால் ஒரு சொட்டும் குறைவதில்லை. ஆனால் எருதுக்குப் பதிலாக வந்த டிராக்டர் டீசல் குடிக்கிறது. அந்தப் புகை எரிசக்தி என்ற வேறு தலைப்பில் போய்ச் சேர்கிறது. கால்நடைப் பக்கத்தை மட்டும் பார்த்து நாடு சுத்தமாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு இழப்பும் இருக்கிறது, அது எந்த அட்டவணையிலும் வராது. காவிரிக்கரை மலைப்பக்கத்து ஆலம்பாடி மாடு உழைப்புக்கென்றே பேர் பெற்ற இனம். எருதுக்கு வேலை போனதும் அந்த இனமே அருகிவிட்டது. மீத்தேன் குறைந்ததே என்று அதற்கு மகிழ என்னால் முடியவில்லை.

மாட்டு இனங்களுக்குள்ளும் மாற்றம் நடந்தது. நாட்டுமாடுகள் 15.1 கோடியில் இருந்து 14.2 கோடியாகக் குறைய, கலப்பின, வெளிநாட்டு இன மாடுகள் 4 கோடியில் இருந்து 5 கோடியாக ஏறின. கலப்பின மாடு பெரிது, அதிகம் தின்னும், அதனால் தலைக்கு அதிக மீத்தேன். ஆக, எருது போவது கணக்கை இறக்குகிறது, கலப்பினப் பசு வருவது ஏற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நாட்டின் மீத்தேன் கோடு பெரிதாக அசையாமல் நிற்கிறது.

மொத்தம் ஒன்று, லிட்டருக்கு ஒன்று

அரசு அறிக்கைகளின்படி, அசைபோடும் கால்நடைகளின் வயிற்றில் இருந்து வந்த மீத்தேன் 1994-ல் சுமார் 90 லட்சம் டன், 2000-லும் 2007-லும் சுமார் ஒரு கோடி டன். பதின்மூன்று ஆண்டில் ஏறக்குறைய 12 சதவீத ஏற்றம். அதே காலத்தில் நாட்டின் பால் உற்பத்தி 6.4 கோடி டன்னில் இருந்து 10.8 கோடி டன்னாக ஏறியது. 2023-24-ல் அது 23.9 கோடி டன். பால் ஏறிய வேகத்தில் மீத்தேன் ஏறவில்லை.

இதைப் புரிந்துகொள்ள உமிழ்வுச் செறிவு என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன் என்பதே அது. ஒரு நாட்டுமாடு நாளுக்கு 3 லிட்டர் வீதம் 300 நாள் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 900 லிட்டருக்கு 28 கிலோ மீத்தேன், அதாவது லிட்டருக்கு 31 கிராம். கலப்பினப் பசு நாளுக்கு 8 லிட்டர் வீதம் அதே 300 நாள் கறந்தால் 2,400 லிட்டருக்கு 43 கிலோ, லிட்டருக்கு 18 கிராம். தலைக்குப் பார்த்தால் கலப்பினம் அதிகம், லிட்டருக்குப் பார்த்தால் குறைவு.

பொதுப்பேச்சில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒருவர் மொத்தத்தைச் சொல்வார், இன்னொருவர் லிட்டர் கணக்கைச் சொல்வார், இரண்டு பேரும் எதிராளி பொய் சொல்வதாக நினைப்பார்கள். இரண்டு எண்ணும் உண்மை. வானத்துக்குத் தெரிவது மொத்தம் மட்டும்தான், லிட்டர் கணக்கு அதற்குத் தெரியாது. ஆனால் ஒரு நாடு தன் மக்களுக்குப் பால் கொடுத்தாக வேண்டும் என்றால், அதை எவ்வளவு மீத்தேனில் கொடுக்கிறது என்பதை லிட்டர் கணக்குதான் காட்டும். நாட்டுமாட்டைக் கழித்துக் கட்டுங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கோடை வெயிலைத் தாங்குவதும், காய்ந்த தட்டைத் தின்று பிழைப்பதும் இந்த எண்ணில் அடங்குவதில்லை.

சுருக்கமாக: நாட்டின் கணக்கு என்பது எண்ணிக்கையை உமிழ்வுக் காரணியால் பெருக்கி வருவது. இந்தியாவில் மொத்தம் மெதுவாகவே நகர்ந்தது, லிட்டருக்கான அளவு நன்றாகக் குறைந்தது.

கணக்கு முறை மாறினால் கோடும் மாறும்

வரைபடத்தில் ஒரு கோடு திடீரென்று விழுந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். நல்ல உதாரணம் சாணம். வெளியே வந்த சாணத்தில் இருந்தும் கொஞ்சம் மீத்தேன் வரும். 1994-க்கான அறிக்கையில் அது சுமார் 9.5 லட்சம் டன். 2007-க்கான அறிக்கையில் சுமார் 1.2 லட்சம் டன். எட்டில் ஒரு பங்கு! மாடுகள் சாணம் போடுவதைக் குறைத்துக்கொள்ளவில்லை, கணக்கிடும் முறை மாறியது. நம் ஊரில் சாணம் வறட்டியாகக் காய்கிறது, எருக்குழியில் கிடக்கிறது, வயலுக்குப் போகிறது. காற்றுப் படும் இடத்தில் மீத்தேன் அதிகம் உருவாகாது. பெரிய பண்ணைகள் உள்ள நாடுகளில் சாணத்தைக் குளம்போலத் தேக்கி வைப்பார்கள், அங்கேதான் அது நிறைய வரும்.

இதே காரணத்தால்தான் இந்தியாவைப் பற்றி வெளிநாட்டுத் தரவுத்தளங்கள் சொல்லும் எண்ணும் இந்திய அரசு சொல்லும் எண்ணும் பொருந்துவதில்லை. தட்பவெப்ப மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2006-ல் தந்த பொது வழிகாட்டியில், இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்குக் காரணி 58 கிலோ. இந்தியா பயன்படுத்தியது 28-ம் 43-ம். காரணி மாறினால் மாடு மாறாமலே மொத்தம் மாறிவிடும். யார் சரி என்று கேட்பதற்கு முன், ஒரே முறையில் கணக்கிட்ட ஆண்டுகளைத்தான் ஒப்பிடுகிறோமா என்று பார்க்க வேண்டும்.

வானத்தில் எவ்வளவு காலம்

மீத்தேன் காற்றில் சராசரியாகச் சுமார் 12 ஆண்டுகள் தங்கிச் சிதைந்துவிடும். கரியமில வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் தாண்டியும் கிடக்கும். ஆனால் இருக்கும் வரை மீத்தேன் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் பலசாலி. டன்னுக்கு டன் ஒப்பிட்டால், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு, 100 ஆண்டுக் கணக்கில் மாட்டு மீத்தேன் சுமார் 27 மடங்கு. செய்திகளில் ஒரு நாள் 80 என்றும் மறுநாள் 27 என்றும் வருவது இதனால்தான்.

புல்லில் இருந்து வந்த கரி (கார்பன்) மறுபடி காற்றுக்குத்தானே போகிறது, அதில் என்ன தப்பு என்று சிலர் கேட்பார்கள். கரி சுழற்சி என்பது சரிதான். ஆனால் புல் எடுத்துக்கொண்டது கரியமில வாயுவை, மாடு திருப்பித் தருவதில் ஒரு பங்கு மீத்தேன். அந்தப் பன்னிரண்டு ஆண்டுச் சூடு கணக்கில் வரத்தான் செய்யும்.

குறுகிய ஆயுளால் ஒரு விளைவு உண்டு. ஒரு நாட்டின் மீத்தேன் வருடா வருடம் ஒரே அளவில் நீண்ட காலம் இருந்தால், புதிதாக வருவதும் சிதைவதும் சமமாகி, அந்த நாட்டால் காற்றில் நிற்கும் மீத்தேன் அளவு ஏறாமல் நிலைக்கும். ஏற்கெனவே உண்டான சூடு அப்படியே தொடரும், கூடுவது மெதுவாகும். உமிழ்வைக் குறைத்தால் சில பத்தாண்டுகளிலேயே பலன் தெரியும். ஆகவே கால்நடை மீத்தேனில் ஒரு வருடத்து எண்ணை விட, பல வருடப் போக்குதான் அதிகம் சொல்லும். தாத்தா காலத்துக் கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. அன்றும் மாட்டின் மீத்தேன் சூடாக்கத்தான் செய்தது. இன்றைக்கு அதோடு நெல் வயல், குப்பைக் கிடங்கு, நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு எல்லாம் சேர்ந்து, தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் மீத்தேன் காற்றில் இருக்கிறது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020-ம் ஆண்டுக்கான இந்திய அறிக்கையில் நாட்டின் மொத்த உமிழ்வில் எரிசக்தியின் பங்கு சுமார் 76 சதவீதம். கால்நடை, நெல், உரம் எல்லாம் சேர்ந்த விவசாயம் சுமார் 14 சதவீதம். 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்பதாக 2021-ல் கிளாஸ்கோவில் பல நாடுகள் சேர்ந்து உறுதி எடுத்தபோது இந்தியா அதில் சேரவில்லை. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒருவரையும், எண்ணெய்க் குழாயில் கசிவை அடைக்காமல் விடும் நிறுவனத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை என்றே நானும் நினைக்கிறேன். அதற்காக மாட்டுப் பக்கம் செய்ய ஒன்றுமே இல்லை என்று இருந்துவிடுவது விவசாயிக்கே நட்டம்.

தீவனத்தில் கை வைத்தால்

அந்த 6 சதவீத ஆற்றலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தட்டுக்குப் பதில் பச்சைத் தீவனமும் பயறு வகைத் தழையும் சேர்த்தால் செரிமானம் வேகமாகும், லிட்டருக்கு மீத்தேன் குறையும். கோ-4, கோ-5 புல்லோடு வேலிமசால், அகத்தி சேர்த்துப் போடச் சொல்வது பாலுக்காக. மீத்தேனுக்கும் அதே வழிதான்.

நம் சேலம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கும் ஒன்று மரவள்ளித் திப்பி. சேகோ ஆலையில் மாவு எடுத்தபின் மிஞ்சும் அதில் மாவுச்சத்து இன்னும் இருக்கும். மாவுச்சத்து செரிக்கும்போது ரூமெனில் உருவாகும் அமிலம் வேறு வகை. அது ஹைட்ரஜனை இழுத்துக்கொள்வதால் மீத்தேனுக்கு மிஞ்சுவது குறைவு. மலிவாகக் கிடைக்கிறதே என்று அளவு மீறிப் போட்டால் வயிற்றில் அமிலம் கூடி மாடு படுத்துவிடும். பச்சை மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சு உருவாகும், வாட விடாமல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடவே கூடாது.

பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம், துவர்ப்புச் சத்து நிறைந்த தாவரப் பொருள்களில் இருந்து ஹரித் தாரா என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. அது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறார்கள். அதே நிறுவனம் முன்பு புளியங்கொட்டைத் தோலை வைத்தும் வேலை செய்திருக்கிறது. இவை தொழுவத்துக்கு வந்து சேர வேண்டுமானால் பால் கூடவோ தீவனச் செலவு குறையவோ வேண்டும். மீத்தேன் குறைந்ததற்காகப் பால் விலையில் யாரும் ஒரு ரூபாய் சேர்த்துத் தருவதில்லை.

21-வது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. அதன் எண்களைப் பார்க்கும்போது மொத்தத் தலைகளை முதலில் பார்க்க வேண்டாம். ஆண் மாடு எவ்வளவு குறைந்தது, கலப்பினப் பசு எவ்வளவு கூடியது, எருமை இன்னும் ஏறுகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். அதை வைத்து யாராவது மீத்தேன் வரைபடம் போட்டால், எந்த உமிழ்வுக் காரணியை எடுத்தார்கள் என்று கேளுங்கள்.